"அண்ணா" என்று அழைப்பவர்களைத் திருத்துவதா, விட்டுவிடுவதா?

எழில் கேட்டது:

வீட்டு மின்இணைப்பு, இன்வெர்ட்டர், கிணற்று மோட்டார் ஆகியவை பற்றி இக்குழுவில் வரும் கேள்விகளுக்கு மூன்று ஆண்டுகளாகப் பதில் எழுதி வருகிறேன். என் பெயரைக் கொண்டு நான் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. நானும் அதை எங்கும் குறிப்பிட்டதில்லை, குறிப்பிட வேண்டிய தேவையும் வந்ததில்லை. ஆனால் எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நான் "அண்ணா" ஆகிவிட்டேன்; பிறகு "சார்", "தலைவரே", "ப்ரோ" எல்லாம் வந்து சேர்ந்தன. சென்ற மாதம் இருவர் தமக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, "எழில் அன்றைக்கே சொன்னானே, நீங்கள்தான் கேட்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். உரிமையோடு சொன்ன சொல் அது என்று தெரிந்ததால் கோபம் வரவில்லை. ஆனாலும் அந்த "சொன்னானே" என்னும் சொல்லை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

நான் பெண். துணைமின்நிலையப் பராமரிப்பில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவள்.

ஒரே ஒரு முறை திருத்திப் பார்த்தேன். மழைக்காலத்தில் மட்டும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி விழுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும் கருவி என்பதால், வெளிச்சுவர் விளக்கின் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தாலும் அது போதும். ஆகவே ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துச் சோதியுங்கள் என்று எழுதினேன். "அண்ணா சொன்னபடி செய்தேன், சரியாகிவிட்டது" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே, "மகிழ்ச்சி, நான் அண்ணன் இல்லை, பெண்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதன்பின் அங்கே மின்சாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆறு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். மூவர், பெண்ணாக இருந்தும் இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறீர்களே என்று வியந்தார்கள். வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவர் கேட்டார். எதற்கும் ஒரு எலெக்ட்ரீஷியனிடமும் கேட்டுக்கொள்வது நல்லது என்று இன்னொருவர் எழுதினார். தவறான அறிவுரை இல்லை, நானே பலருக்கும் சொல்வதுதான். ஆனால் என் பதிலுக்குக் கீழே மூன்று ஆண்டுகளில் அன்றுதான் முதல் முறையாக அது வந்தது.

என் கேள்வி இரண்டு. பேச்சு என்னைப் பற்றியதாக மாறிவிடாமல் இதைத் திருத்துவது எப்படி? பெயர் மட்டுமே தெரிந்த ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லை ஆள்வது முறை?

பழைய ஏடு எழுதியது:

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

உங்கள் மூன்றாண்டுப் பதிவுகளிலிருந்து எவரும் உங்களை அறிந்துகொள்ள முடியாமற்போனதற்குத் தமிழின் அமைப்பும் ஒரு காரணம். தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் பால் காட்டுவதில்லை. "சோதித்தேன்" என்று ஆணும் எழுதலாம், பெண்ணும் எழுதலாம். இந்தியில் அப்படி முடியாது. "நான் போனேன்" என்பதை ஆண் "கயா" என்றும் பெண் "கயீ" என்றும் முடித்தாக வேண்டுமாதலால், எழுதுபவரின் பால் பெரும்பாலும் முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும். மலையாளத்தில் அவன், அவள் என்னும் பெயர்கள் இருந்தாலும் வினைமுற்று பால் காட்டும் விகுதியை இழந்துவிட்டது. தமிழிலோ படர்க்கையில்தான் சிக்கல். நீங்கள் பேசும்வரை ஒன்றும் இல்லை; உங்களைப் பற்றிப் பிறர் பேசத் தொடங்கும்போது ஆன், ஆள், ஆர் என்னும் விகுதிகளுள் ஒன்றை அவர்கள் தேர்ந்தே ஆக வேண்டும்.

அப்படித் தேரும்போது ஐயம் வந்தால் என்ன செய்வது என்பதைத் தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. "பால்மயக் குற்ற ஐயக் கிளவி தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்" என்பது அதன் கிளவியாக்கம் என்னும் இயலில் வரும் நூற்பா. தொலைவில் வருவது மனிதர் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அப்போது "ஆணோ பெண்ணோ, அங்கே தோன்றுகின்றவர்" எனப் பன்மையால் கூறுக என்பது பொருள். திரைக்கு அப்பால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேண்டுமா?

"ஒருவர்" என்னும் சொல்லுக்கும் தனி இடம் உண்டு. "ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே" என்கிறது தொல்காப்பியத்தின் பெயரியல். நன்னூலும் அது இருபாலுக்கும் பொதுவாய் நின்று பன்மை வினை கொள்ளும் என்கிறது. மரியாதைக்காக ஒருவரைப் பன்மையில் கூறுவதை மட்டும் தொல்காப்பியம் வழக்கில் வந்த உயர்சொல் என்று தனியே வைத்து, இலக்கண நெறி அன்று என்று சொல்லிவிடுகிறது. ஆக, தெரியாதபோது ஆளும் "அவர்" வேறு, மதிப்புக்காக ஆளும் "அவர்" வேறு. இன்று இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன.

திருத்துவதற்கும் நன்னூலில் இடம் இருக்கிறது. ஐயத்தில் பொதுச்சொல் கூறுவதைச் சொன்ன கையோடு, "மெய்தெரி பொருள்மேல் அன்மையும் விளம்புப" என்கிறது. உண்மை தெரிந்தபின் "இது அன்று" என்று மறுத்தும் சொல்லலாம் என்பது கருத்து. "நான் அண்ணன் இல்லை, பெண்" என்று நீங்கள் எழுதியது நன்னூல் ஒப்பும் தொடரே.

கரிசல் எழுதியது:

இதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் டீக்கடையில் நிற்கும் முன்பின் தெரியாதவரையும் "அண்ணே" என்றுதான் அழைக்கிறோம், அது மரியாதை. எழில் என்று பெயர் வைத்துக்கொண்டு மோட்டார் காயில் கட்டுவதைப் பற்றி எழுதினால், பத்தில் ஒன்பது பேர் ஆண் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முகப்புக் குறிப்பில் பெண் என்று ஒரு சொல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

வன்னிவிளாங்குளம் எழுதியது:

பழைய ஏடு ஐயா சொன்ன விதி எழுத்துக்குச் சரிதான், ஆனால் என் காதுக்கு அது வேலை செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஈழத்தில், குறிப்பாக யாழ்ப்பாணப் பேச்சில், "அவர்" என்றால் மதிப்புக்குரிய ஆண். மதிப்புக்குரிய பெண்ணை "அவ" என்போம். "அவர் சொன்னவர்", "அவ சொன்னவ" என்று வினையும் பிரிந்தே நிற்கும். சிறு வயதிலிருந்து இப்படிப் பேசி வளர்ந்த ஒருவர் "எழில் சொன்னார், அவர் சொன்னது சரி" என்று படித்தால் மனத்தில் எழும் உருவம் ஆண்தான். நானும் நேற்றுவரை எழிலை ஆண் என்றே நினைத்திருந்தேன். எவரும் "சொன்னான்" என்று எழுதியதால் இல்லை, எல்லாரும் "சொன்னார்" என்று எழுதியதால்.

தமிழ்நாட்டில் மட்டும் இது வேறாக இருக்கிறதா என்று கவனித்தேன். சென்னையில் என்னுடன் வேலை செய்பவர்கள் மேலாளர் ஆணாக இருந்தால் "அவரு வந்தாரு" என்கிறார்கள், பெண்ணாக இருந்தால் "அவங்க வந்தாங்க" என்கிறார்கள். ஆணையும் "அவங்க" என்று சொல்வதுண்டு. ஆனால் பெண் மேலாளரை "அவரு" என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆக, எழுத்தில் பொதுவாய் இருக்கும் "அவர்" இரு கரைப் பேச்சிலும் ஆண் பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது.

பெயர்ச்சொற்களிலும் இதே சாய்வைப் பார்க்கலாம். "மாணவர்" பொதுச்சொல் என்றால் விழா அழைப்பிதழில் "மாணவ மாணவியர்" என்று ஏன் அச்சிடுகிறோம்? "ஆசிரியர்" பொது என்றால் "ஆசிரியை" எதற்கு? எவராவது ஒருவர் தனியே பிரித்துக் காட்டப்பட வேண்டியிருக்கும்போதெல்லாம் அது பெண்ணாகவே இருக்கிறது.

கரிசல் அவர்களுக்கு: டீக்கடையில் நிற்பவரை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டு "அண்ணே" என்கிறீர்கள். பெண் நின்றால் "அக்கா" என்பீர்கள் அல்லவா?

கைப்பிரதி எழுதியது:

நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு மென்பொருளின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்கும் வேலையில் இந்தப் படர்க்கைச் சிக்கலோடு பல மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதால், கையில் உள்ள சில வழிகளைச் சொல்கிறேன்.

விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில், பயனர் தம் விருப்பத்தேர்வில் தம்மை எப்படிக் குறிக்க வேண்டும் என்று சொல்லி வைக்கலாம், சொல்லாமலும் விடலாம். இடைமுகச் சொற்றொடர் அந்தத் தேர்வுக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். இப்படி ஒரு வசதி தேவைப்பட்டதே, பெயரையும் வினையையும் பால் வாரியாகப் பிரிக்கும் மொழிகள் பல இருப்பதால்தான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படிக் கேட்டு வைத்திருக்க மாட்டார்கள். அப்போது தொடரை அமைக்கும் முறையில்தான் தப்பிக்க வேண்டும்; தமிழ் அதற்கு நிறையவே இடம் தருகிறது.

பால் ஏறி உட்காருவது பெரும்பாலும் வினைமுற்றிலும் வினையாலணையும் பெயரிலும்தான். எச்சங்களில் அது இல்லை. "எழில் சொன்னபடி", "எழில் எழுதிய பதில்", "எழில் கேட்டுவிட்டு", இவை எதிலும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. "தன்" என்னும் சொல்லும் அப்படியே. "எழில் தன் பதிவில்" என்றால் போதும், "அவனுடைய", "அவளுடைய" எதுவும் வேண்டாம். நான்காம் வேற்றுமையில் வைத்தால் இன்னும் எளிது: "எழிலுக்கு இது தெரியும்". "வேண்டும்", "முடியும்" போன்றவையும் எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது எதிர்மறை. "எழில் சொன்னான்", "எழில் சொன்னாள்" என்று உடன்பாட்டில் பிரியும் வினை, "எழில் சொல்லவில்லை" என்னும்போது ஒன்றாகிவிடுகிறது. செய்தவர் யார் என்று துருவும் மொழி, செய்யாதவரைப் பற்றிக் கவலைப்படவில்லை போலும்.

வன்னிவிளாங்குளம் சொன்ன காதுச் சிக்கலை இதுவும் முழுமையாகத் தீர்க்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் "சொன்னார்" என்பது ஐந்து முறை வரும் இடத்தில் ஒரு முறை வந்தால், ஆண் உருவம் அவ்வளவு உறுதியாக எழாது.

முதல் கேள்விக்கு: நீங்கள் திருத்திய வரி தனிப் பதிவாக நின்றதால்தான் எல்லாரும் அதற்குப் பதில் எழுதினார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை, கேட்ட விஷயத்துக்கான பதிலின் நடுவே அதை வையுங்கள். "அக்கா என்றே அழைக்கலாம், மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதினால், எதிரில் இருப்பவர் வோல்டேஜுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திருத்தப்படுபவருக்கும் ஒன்று. தவறாக அழைத்துவிட்டால் அந்தச் சொல்லை மாற்றிவிட்டு மேலே செல்லுங்கள். நான்கு வரி மன்னிப்புக் கேட்டால், உங்களைத் தேற்றும் வேலையும் அந்தப் பெண்ணின் தலையிலேயே விழுகிறது.

நடுப்பகல் எழுதியது:

நான் திருநம்பி. எழில் அக்காவின் சிக்கலும் என் சிக்கலும் ஓரளவு ஒன்று, ஓரளவு நேர் எதிர். அவரை ஆண் என்று நினைப்பவர்கள் தெரியாமல் நினைக்கிறார்கள், சொன்னவுடன் மாற்றிக்கொள்கிறார்கள். என்னைப் பற்றித் தெரிந்த சிலர், தெரிந்துகொண்டே "அவள்" என்று எழுதுகிறார்கள். திருத்தினால் "உண்மையைத்தானே சொன்னேன்" என்பார்கள். அது தவறிப்போய் வந்த சொல் இல்லை.

பழைய ஏடு ஐயா இலக்கணத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது என்பது போல எழுதியிருப்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அதே நன்னூலில் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு நூற்பா உண்டு. "பெண்மை விட்டு ஆண்அவாவுவ பேடு ஆண்பால்" என்று தொடங்கி, பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால், ஆண்மையை விட்டவர் பெண்பால் என்று சொல்கிறது. இதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். பிறந்ததை விட்டுவிட்டு விரும்புவதை அளவுகோலாக வைத்த நூற்பா என்று அதைப் படிக்க முடியும், அதன்படி நான் ஆண்பால். ஆனால் அடுத்த அடியில், "இருமையும் அஃறிணை அன்னவும் ஆகும்" என்று முடிக்கிறது. அதாவது அஃறிணை போலவும் சொல்லலாம். என்னை "அது" என்று எழுதிய ஒருவர் நன்னூல் படித்திருக்க மாட்டார் என்றாலும், அந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று எனக்குத் தெரிகிறது. தொல்காப்பியம் இதில் பரவாயில்லை. அத்தகைய பெயருக்குத் தனி விகுதி இல்லை என்று சொன்னாலும் உயர்திணைக்குள்ளேயே வைத்துவிடுகிறது.

சொல் மாறும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் இன்று செய்தித்தாளிலும் அரசு ஆவணத்திலும் இயல்பாக வருகின்றன. ஒருவரின் பாலினத்தை அவரே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதிசெய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையர் (எல்.ஜி.பி.டி.க்யூ. என்று குறிக்கப்படுவோர்) குறித்து எந்தெந்தச் சொற்களை ஆள வேண்டும் என்று ஒரு சொற்களஞ்சியத்தைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. ஆனால் பெயர்ச்சொல்லை மாற்றுவது எளிது, விகுதியை மாற்றுவது கடினம். "திருநம்பி" என்று கவனமாக எழுதிவிட்டு அதே வரியை "சொன்னாள்" என்று முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் பழகிய வழியில் போய்விடுகிறது.

கரிசல் அவர்கள் சொன்ன "முகப்பில் ஒரு சொல் போட்டுவிடுங்கள்" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. பெண் என்று எழுதியவருக்குத் தனிச்செய்தியில் என்னென்ன வரும் என்று இங்குள்ள பெண்களைக் கேளுங்கள். என் முகப்பில் நான் போட்டால் என்ன வரும் என்பதை நான் சொல்லவே வேண்டாம். "அவன்" என்றோ "அவர்" என்றோ எழுதினால் எனக்கு நிறைவு. என் நண்பர் ஒருவர் ஆணாகவும் தன்னைக் கருதுவதில்லை, பெண்ணாகவும் கருதுவதில்லை. அவருக்கு "அவர்" ஒன்றே கதி. அந்தச் சொல் ஆண் பக்கம் சாய்கிறது என்று வன்னிவிளாங்குளம் சொன்னது உண்மையே. என்றாலும் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதை நிமிர்த்துவதற்கு, பெண்களைப் பற்றிப் பேசும்போதும் "அவர் வந்தார்" என்று எழுதி எழுதிக் காதைப் பழக்குவதுதான் ஒரே வழி.

பழைய ஏடு எழுதியது:

நடுப்பகல் சொன்ன நூற்பாவின் கடைசி அடியை நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் விளக்கம் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன். வகுப்பில் இருந்தவர்களில் எவருக்காவது அது தன்னைப் பற்றியதாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. மேலே எழுதியதில் அதை விட்டுவிட்டு, பெருமைக்குரியவற்றை மட்டும் எடுத்துக் காட்டியது என் பிழை.

கரிசல் எழுதியது:

தனிச்செய்தி விவகாரம் எனக்குத் தோன்றவில்லை. முகப்பில் போடச் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் "அண்ணே" என்று எழுத வரும் விரலை எப்படி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. "எழில்" என்று வெறும் பெயரை மட்டும் எழுதினால் முகத்தில் அடித்தது போல இருக்கிறது எனக்கு.

எழில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கரிசல் அவர்களுக்கு: "எழில் அவர்களே" என்று எழுதலாம், அல்லது நேராக "வணக்கம்" என்று தொடங்கி "நீங்கள்" என்று தொடரலாம். பழைய ஏடு ஐயா சொன்னபடி முன்னிலையில் பால் கிடையாது. இப்போது தெரிந்துவிட்டதால் "அக்கா" என்றாலும் எனக்கு ஒன்றும் இல்லை. தம்பியாக இருந்தால் மட்டும். நீங்கள் மூத்தவரோ என்னவோ.

நானும் ஓர் ஒப்புதல் தர வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள், "கண்மணி" என்ற பெயரில் ஒருவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைகிறது என்று கேட்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள், சார்ஜ் செய்யும் வோல்டேஜ் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று விளக்கிவிட்டு, "மூடியைத் திறக்க வீட்டில் ஆண்கள் எவராவது இருந்தால் உதவச் சொல்லுங்கள், சகோதரி" என்று முடித்திருந்தேன். அவர் முப்பது ஆண்டு லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம். "வீட்டில் ஆண் நான் ஒருவன்தான் அம்மா, கை நடுங்குகிறது, அதனால்தான் கேட்டேன்" என்று பதில் எழுதியிருக்கிறார்.

என்னிடம் இரண்டு தவறுகள். ஒன்று, பெயரை வைத்துப் பெண் என்று நினைத்தது. மற்றது, பெண் என்று நினைத்த உடனே, பதினாறு ஆண்டுகள் பேட்டரி அறையில் நின்ற நானே, மூடியைத் திறக்க ஆண் வேண்டும் என்று எழுதியது. முதல் தவறுக்கு "அவர்" மருந்தாகும். இரண்டாவது எந்த விகுதியிலும் இல்லை.

கைப்பிரதி சொன்னபடி, அந்தப் பதிவில் "சகோதரி" என்பதை நீக்கினேன். கடைசி வரியை "கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்துகொண்டு திறக்கவும், கை நடுங்கினால் இன்னொருவரைத் திறக்கச் சொல்லவும்" என்று மாற்றிவிட்டு, அடியில் "திருத்தப்பட்டது" என்று மட்டும் போட்டேன். வோல்டேஜ் 15.2 காட்டுகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். 12 வோல்ட் பேட்டரிக்கு அது தொடர்ந்து நிற்க வேண்டிய அளவு இல்லை. சார்ஜர் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். அவருக்குப் பதில் எழுதப் போகிறேன்.